பழைய பாய்மரப் படகில் தொங்கும் ரூஃப் லைனிங்: ஒட்டலாமா, பிரிக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: 1976-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார் படகு ஒன்றை போர்ட்ஸ்மத் பக்கம் வாங்கியிருக்கிறீர்கள். கேபினுக்குள் படுக்கைக்கு மேலே ரெக்ஸின் வயிறு போலத் தொங்குகிறது, கை பட்டால் ஆரஞ்சு நிறத்தில் பொடி கொட்டுகிறது. எந்தப் பசையை வாங்கி, ஊசி வழியாக உள்ளே செலுத்தி அழுத்தினால் நிற்கும்? கேள்வி பசையைப் பற்றியது. ஆனால் கேள்விக்குள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் பிரிக்காமல் தப்பிக்க முடியுமா? பிரித்தால் ஆள் வைக்காமல் நானே செய்ய முடியுமா? செய்தபின் எத்தனை வருஷம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம்? முதலாவது முடியாது. இரண்டாவது தாராளமாக முடியும். மூன்றாவது நீங்கள் அதை எப்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹேம்பிள் ஆற்றங்கரையில் 19 வருஷம் படகுகளுக்கு உள்வேலை செய்தவன் நான். அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பசை ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூரையில் விழுந்துகொண்டிருப்பது ரெக்ஸினும் இல்லை, பசையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சு செத்துப்போய்விட்டது. பிய்ந்த ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ரெக்ஸினின் பின்பக்கம் பழுப்புப் பொடி ஒரு படலமாக ஒட்டியிருக்கும். மேலே கூரையின் கண்ணாடி நார் ஃபைபரிலும் அதே பொடி, பழைய பசையோடு பிடித்துக்கொண்டு இருக்கும். பசை தன் வேலையை இன்றும் செய்துகொண்டுதான் இருக்கிறது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் பொதுவாக இரண்டு வகை: எஸ்டர் வகை, ஈத்தர் வகை. எஸ்டர் வகை காற்றிலிருக்கும் ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதைந்து, பிசுபிசுத்து, கடைசியில் உதிர்ந்துவிடும். ஈத்தர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அதை அரிக்கும். உங்கள் படகில் இருப்பது எந்த வகையாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாகிவிட்டது. பொடியின்மேல் எந்தப் பசையைச் செலுத்தினாலும் அது பொடியைப் பொடியோடு ஒட்டும், அவ்வளவுதான். ஒரு கோடைக்குக்கூட நிற்காது.

இதில் படகைக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லாரென்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்த 26 அடி சென்டார், 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. அடியில் இரட்டைக் கீல், அதாவது கீழ்நோக்கி நீளும் இரண்டு கனமான தகடுகள், இருப்பதால் நீர் வற்றும்போது சேற்றில் தானாகவே நிமிர்ந்து நிற்கும். குடும்பத்தோடு போய்வர இவ்வளவு நம்பகமான படகு அந்தக் காலத்தில் குறைவு. ஃபைபர் படகை அச்சில் வார்க்கும்போது வெளிப்பக்கம் கண்ணாடி போல வரும், உள்பக்கம் சொரசொரவென்று நார் தெரியும்படி இருக்கும். அந்த மேடு பள்ளத்தை மறைக்கவும், குளிரில் ஃபைபர் வியர்ப்பதைக் கொஞ்சம் குறைக்கவும் ஸ்பாஞ்சு வைத்த ரெக்ஸினை நேராக ஒட்டிவிடுவது அன்று படகு கட்டும் பல யார்டுகளின் வழக்கம். இருபது முப்பது வருஷம் கழித்து என்ன ஆகும் என்பதைப் பார்க்க அந்தப் பொருளுக்கே அப்போது அவ்வளவு வயசாகியிருக்கவில்லை.

சரி, பிரிக்கும் வேலைக்கு வருவோம். ரெக்ஸினைக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை. விளக்குகளையும் கைப்பிடிகளையும் மரப்பட்டைகளையும் கழற்றிவிட்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போர்வை மாதிரி வந்துவிடும். வந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எது எந்த இடம் என்று பின்னால் மார்க்கரில் எழுதி வையுங்கள். இழுபட்டிருக்கும், அளவுக்கு நம்ப முடியாது. ஆனால் எங்கே சேர்த்திருந்தார்கள், எங்கே வெட்டுவிட்டு மடித்தார்கள் என்பதை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். உண்மையான பாடு அதற்கப்புறம் ஃபைபரில் மிஞ்சும் ஸ்பாஞ்சையும் பசையையும் எடுப்பது. முதலில் அகலமான பட்டித் தகட்டால் சுரண்டுங்கள். பிறகு டிரில்லில் மாட்டும் நைலான் பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் கம்பித் துணுக்குகள் ஃபைபரில் சிக்கி, துருப்பிடித்து, பின்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் வேக்குவம் குழாய் என்று பிடித்துக்கொண்டால் பொடி பாதி அளவு கேபினுக்குள் பறக்காது. படுக்கை மெத்தைகள், புத்தகங்கள், பாய்கள் எல்லாவற்றையும் படகைவிட்டே இறக்கிவிடுங்கள். அலமாரிகளின் வாயை டேப் போட்டு மூடுங்கள். அந்தப் பொடி ஒருமுறை துணியில் ஏறினால் போகாது.

உங்கள் உடம்பைப் பற்றி இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் வேலை என்பதால் பொடி நேராகக் கண்ணிலும் மூக்கிலும் விழும். கூடவே கண்ணாடி நாரின் துணுக்கும் வரும். பக்கங்கள் மூடிய கண்ணாடியும், நல்ல தரமான, பி3 வகை தூசு மாஸ்க்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். பசையைக் கரைக்க அசிட்டோன் போன்றவற்றை எடுத்தால் தூசு மாஸ்க் போதாது, ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். கேபின் தரையிலிருந்து பில்ஜ் எனும் படகின் அடிக்குழிக்குள் இறங்கித் தங்கும். அங்கே தானாக ஓடும் பம்ப்பின் சுவிட்ச் ஒரு பொறி விட்டால் போதும். பேட்டரியைத் துண்டித்து, காஸ் சிலிண்டரின் வாயை மூடி, முன் ஹேட்ச்சையும் பின் கதவையும் திறந்து வைத்து, படகு கரையில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். தண்ணீரில் மிதக்கும் படகில் பம்ப்பை அணைத்துவிட்டு வேலை செய்வதும் ஆபத்து, அணைக்காமல் செய்வதும் ஆபத்து. ஹீட் கன் வைத்து இளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடேறிச் சிதையும் பாலியூரித்தேன் விடும் புகை நச்சு. பசையை முழுக்க வழித்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. நான் அடுத்துச் சொல்லப்போகும் முறையில், ரீப்பர் எனும் மரச்சட்டங்களை ஒட்டும் இடங்கள் மட்டும் வெறும் ஃபைபர் தெரியும்வரை சுத்தமானால் போதும். இது இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இப்போது கூரை வெறுமையாக இருக்கிறது. இந்த நாளை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். இத்தனை வருஷமாக மறைந்திருந்த எல்லா நட்டும் போல்ட்டும், ஓரக்கம்பித் தூண்களின் அடிப்பகுதி, கயிறு கட்டும் கிளீட், கயிறு இழுக்கும் வின்ச், கைப்பிடிக் கட்டைகளின் திருகு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். நட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை ஓடியிருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது. ஒருவர் மேலே நின்று ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பாருங்கள். கீழ்ப்பகுதியில் தொடங்கி ஒவ்வொரு பொருத்தமாக மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எது ஒழுகுகிறது என்றே தெரியாது. ஜன்னல் சட்டங்களை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது ஒரு மீட்டர் தள்ளி. உள்ளே லைனிங் இல்லாத இந்த ஒரு சமயம்தான் அந்தத் தடத்தை முழுசாகப் பார்க்கலாம். ஒழுகும் பொருத்தத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, பியூட்டைல் டேப் அல்லது பாலிசல்ஃபைடு சீலன்ட் வைத்து மறுபடி உட்காரவையுங்கள். ஜென்மத்துக்கும் கழற்ற முடியாதபடி பிடிக்கும் பாலியூரித்தேன் பசையை இங்கே போடாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது அது ஃபைபரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

டெக், அதாவது இந்தக் கூரைக்கு மேலே நீங்கள் நடக்கும் தளம், சில இடங்களில் சாண்ட்விச்சாக இருக்கலாம்: இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பால்சா கட்டையோ ப்ளைவுட்டோ. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் டக் டக் என்று கணீரென்று சொல்லும். நடுக்கட்டை ஊறிய இடம் விரிசல் விட்ட மண்பானையில் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். இதை நான் தொண்ணூறு சதவீதம் நம்புவேன். ஈரமானியை அவ்வளவு நம்ப மாட்டேன். உப்பும், பின்னால் இருக்கும் உலோகமும், நீங்கள் வழிக்காமல் விட்ட பசையும் அது காட்டும் அளவை ஏற்றிவிடும். சந்தேகமான இடத்தில் உள்பக்கத் தோலை மட்டும் ஓட்டையிட்டுப் பார்ப்பதுதான் உறுதியான வழி. துரப்பணத்தின் முனையில் ஈரமான பழுப்பு மரக்கூழ் வந்தால் லைனிங் வேலையை நிறுத்துங்கள். முதலில் டெக் வேலை. எவ்வளவு பரப்பு ஊறியிருக்கிறது, அதை நீங்களே செய்யலாமா, ஆள் வேண்டுமா என்பதை நீங்கள் போட்ட இரண்டு படங்களைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. நேரில் தட்டிப் பார்த்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

இனி எதை மாட்டுவது? ஒன்று, பழையபடியே ஸ்பாஞ்சு ரெக்ஸினை ஃபைபரில் நேராக ஒட்டலாம். மற்றொன்று, மெல்லிய ப்ளைவுட் பலகைகளில் ரெக்ஸினைச் சுற்றி, பலகைகளைக் கூரையில் ரீப்பர் வைத்துத் திருகலாம். முதலாவது மலிவு, எடை குறைவு, தலைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது. சென்டாரில் நிமிர்ந்து நிற்க இடம் ஏற்கெனவே சிக்கனம் என்பதால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் செய்தேன். 28 அடி படகு ஒன்றுக்கு, தோளும் கழுத்தும் ஒரு வாரம் வலிக்க வலிக்க, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். படகுக்காரர் கைகொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த வைகாசியில் வந்தார். பக்கத்தில் கட்டிய படகு இடித்து ஓரக்கம்பித் தூண் ஒன்று சாய்ந்திருந்தது. தூணை மாற்ற நான்கு நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நான்கு நட்டும் நான் ஒட்டிய ரெக்ஸினுக்குப் பின்னால். எங்கே என்று விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்து, நான் ஒட்டியதை நானே கத்தியால் சதுரமாக வெட்டினேன். வெட்டிய ஓரத்தில் புது ஸ்பாஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு நான் வேலை செய்த படகுகளில் போல்ட் இருக்கும் எந்த இடத்தையும் நிரந்தரமாக மூடியதில்லை. டெக்கில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் ஒரு நட்டு இருக்கிறது. அந்த நட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஐந்து நிமிஷத்தில் தொட முடிய வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத லைனிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே பலகை முறையைச் சொல்கிறேன். 20 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமனில் ரீப்பர் அறுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கூரைக்கு எபாக்ஸியால் ஒட்டுங்கள், திருகாதீர்கள். திருகு டெக்கைத் தாண்டி மேலே எட்டிப் பார்த்தால் நீங்களே ஒரு ஒழுகலை உண்டாக்கியதாகும். ஒட்டும் இடத்தை முதலில் கரைப்பானால் துடைத்து, பிறகு 80 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் எண்ணெய்ப் பசையைத் தேய்த்து ஃபைபருக்குள் ஏற்றியதாகிவிடும். எபாக்ஸியில் சிலிக்கா தூள் கலந்து, கரண்டியிலிருந்து விழாத வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்து தடவி, தரையிலிருந்து வளைந்து நிற்கும் குச்சிகளால் ராத்திரி முழுக்க முட்டுக்கொடுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே எபாக்ஸி மிக மெதுவாகத்தான் இறுகும். இங்கிலாந்துக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஜனவரியில் இதைத் தொடங்க வேண்டாம்.

பலகைக்கு 4 மி.மீ. ப்ளைவுட். முதலில் அட்டையில் மாதிரி வெட்டுங்கள். மாதிரியில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இரண்டு பலகை சேரும் கோடு ரீப்பரின்மேல் விழ வேண்டும். பக்கத்துப் பலகைக்கும் இதற்கும் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ரெக்ஸின் மடிந்து வந்து அந்த இடத்தை நிரப்பும். அப்புறம், பலகை கேபின் வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். சொன்னால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் முழு நீளப் பலகையை வெட்டி, ரெக்ஸின் சுற்றி, வாசலில் கொண்டுவந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் பலகை வளையும், ரெக்ஸின் சுற்றியதை வளைத்தால் மடிப்பு விழும். கூரைக்கு இடவலமாக ஒரு வளைவு இருக்கிறது அல்லவா, ப்ளைவுட்டின் மேல் இழை படகின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டினால் அந்த வளைவுக்கு அது இலகுவாகப் பணியும். வெட்டிய பின் பின்பக்கத்துக்கும், முக்கியமாக நான்கு ஓரத்துக்கும், வார்னிஷோ எபாக்ஸியோ இரண்டு கோட். ஈரம் ஓரத்தின் வழியாகத்தான் ஏறும்.

ரெக்ஸின் சுற்றும் வேலை மேஜைமேல் நடக்கும். இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். தலைக்கு மேல் கை தூக்கி நிற்க வேண்டியதில்லை, பொருளின் எடையே உங்களுக்கு உதவும். துணி ரோல் பெரும்பாலும் 1.37 மீட்டர் அகலம். எல்லா மாதிரிகளையும் தரையில் அந்த அகலத்துக்குள் அடுக்கிப் பார்த்துவிட்டு எத்தனை மீட்டர் என்று முடிவு செய்யுங்கள். பலகை வழவழப்பானது என்பதால் ஸ்பாஞ்சு இல்லாத, துணி முதுகு வைத்த ரெக்ஸினே போதும். உதிர ஸ்பாஞ்சே இல்லையென்றால் இன்னொரு முறை உதிராது. மெத்தென்று வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் 2 மி.மீ. ஸ்பாஞ்சு வைத்ததை வாங்கி, ஓரத்தில் மடியும் 30 மி.மீ. அளவுக்கு மட்டும் ஸ்பாஞ்சை நகத்தால் உரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூலைகள் தடித்து நிற்கும். பசை வாங்கும்போது ரெக்ஸினுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். ரெக்ஸினை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியே வந்து சாதாரண நியோப்ரின் பசையை இளக்கிவிடும். அதைத் தாங்கும், சூட்டையும் தாங்கும் ரகம் தனியாக இருக்கிறது. பசை மடிப்பில் மட்டும் போதும், முழுப் பரப்பிலும் வேண்டாம். மூலையில் துணியை இழுத்து, விசிறி மடிப்பாகச் சேர்த்து, உள்ளே இருக்கும் உபரியைக் கத்தரியுங்கள். ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத எஃகில், பலகையைத் துளைத்து முன்பக்கம் வராத குட்டைக் காலில் இருக்க வேண்டும். சாதாரண இரும்பு ஸ்டேப்பிள் இரண்டே குளிர்காலத்தில் ரெக்ஸின் ஓரத்தில் துருக்கறை விடும்.

மாட்டுவதற்கு 12 மி.மீ. நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுத் திருகும் அதற்கடியில் கப் வாஷரும் போதும். திருகு வெளியே தெரிவது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது பலகை கழலும் என்பதற்கான அடையாளம். மேலே ஒரு மரப்பட்டை வைத்து மறைத்தால், அந்தப் பட்டையையும் திருகியே வையுங்கள். வெல்க்ரோ கேட்கிறார்கள், முதுகில் பசை வைத்து வருவது கோடை வெயிலில் இளகி விழும், ஸ்டேப்பிள் அடித்தால் நிற்கும். காந்தம் வைத்து ஒட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். கேபின் சுவரில் பொருத்திய திசைகாட்டிக்கு அருகே காந்தம் இருந்தால் முள் பிசகும், நீங்கள் அதை நம்பி இரவில் ஓட்டுவீர்கள்.

பலகைக்கும் டெக்குக்கும் நடுவில் கிடைக்கும் பத்து மில்லிமீட்டர் இடத்தில் மூடிய துளை கொண்ட ரப்பர் ஃபோம் தாள் வைத்தால் குளிரில் வியர்ப்பதும் வெயிலில் தகிப்பதும் குறையும். இதில் எனக்கு முழு உறுதி இல்லாத ஒன்று உண்டு. தாள் ஃபைபரோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் ஈரம் தங்கும் என்பது பொது விதி. ஆனால் தாளே வைக்காமல் வெறும் காற்று ஓட்டத்தோடு விட்ட படகுகளும் பல வருஷம் காய்ந்தே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கோடையில் மட்டும் படகில் தங்குபவர் என்றால் அந்தப் பணத்தை நல்ல ஒரு வென்ட்டிலேட்டருக்குச் செலவிடுவேன். நட்டுகளின்மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். அடுப்புக்கு நேர் மேலே வரும் பலகைக்கு ரெக்ஸின் வேண்டாம், சூடு தாங்கும் உலோகத் தகடு போடுங்கள்.

பிவிசி ஃபோம் போர்டு பலகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈரத்துக்கு அசையாது, ஆனால் வெயில் ஏறும் டெக்கின் அடியில் இளகித் தொய்யும். ரீப்பர்களை நெருக்கமாக வைத்தால்தான் அதைப் போடுவேன். வேன்களுக்கு ஒட்டும் இழுபடும் கார்ப்பெட்டை நேராக ஒட்டுவது சுலபம், மேடு பள்ளத்தையும் மறைக்கும். ஆனால் சமையல் வாசனையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், நட்டுகளையும் மூடிவிடும். போல்ட் எதுவும் இல்லாத பக்கச் சுவருக்கு வேண்டுமானால் சரி.

வார இறுதிகளில் மட்டும் செய்தால் இது ஒரு குளிர்காலத்து வேலை. விளக்கு ஒயர்களை மாற்றும் எண்ணம் இருந்தால் பலகை ஏறுவதற்குள் மாற்றி, கூடவே ஒரு நைலான் நூலையும் இழுத்து விட்டுவிடுங்கள். பின்னால் புது ஒயர் இழுக்க அதுவே வழி. மூடுவதற்கு முன் கூரை முழுவதையும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதுங்கள்: இதற்குப் பின்னால் எந்தத் தூண், எத்தனை நட்டு, எந்த அளவு ஸ்பேனர், எந்தத் தேதியில் எதை வைத்து அடைத்தது. உங்களுக்குப் பிறகு அந்தப் படகை வாங்குபவர் பலகையைக் கழற்றும்போது முதலில் அதைத்தான் படிப்பார்.